படிச்சுக் காட்டாத தீர்மானம்

ஜன்னலோரமா நீங்களே உக்காந்துக்கங்க கண்ணு. எனக்குக் காத்து ஆகாது. தாராபுரம் வரைக்கும்தானே? நானும் அங்கதான். இந்த பஸ்ஸு எல்லா ஊர்லயும் நின்னு நின்னுதான் போகும். எப்படியும் ஒண்ணேகால் மணி நேரம் ஆகும்.

தப்பா நெனைச்சுக்காதீங்க, சில மொகத்தைப் பாத்தா பேசோணும்னு தோணும். உங்க மொகத்துல ஒரு களை இருக்குது. படிச்ச புள்ளையாட்டம் தெரியுது. எங்க பக்கத்துப் பொண்ணாட்டமே இருக்கறீங்க. எனக்கு நாலு மாசமா ஒரு வாய் சோறு சரியா எறங்க மாட்டேங்குது. ஊட்டுல யாருகிட்டயும் சொல்ல முடியலை. தெரிஞ்சவங்ககிட்டச் சொன்னா நாளைக்கு ஊரே பேசும். நீங்க எறங்கிப் போயிட்டா யாரோ, நான் யாரோ. அதனாலதான்.

எம்பேரு லோகநாயகி. ஊர் பேரு வேண்டாங்க. எங்கூர்ல ஒரு மகளிர் குழு இருக்குது. நாந்தான் தலைவி, ஒம்பது வருசமா. நானாக் கேக்கலைங்க. பத்தாவது வரைக்கும் படிச்சவ நான் ஒருத்திதான், எழுத்தும் குண்டு குண்டா நல்லா இருக்கும், அதனால எல்லாரும் சேந்து என்னையே போட்டுட்டாங்க. மொத்தம் பன்னெண்டு பேரு. ஒம்பது பேரு எங்க தெரு, மூணு பேரு வளவுலருந்து. வளவுன்னா தெரியுமில்லீங்க, ஊருக்கு வடக்கால, ஓடைக்கு அந்தப் பக்கம். அவிங்க இருக்கற எடம். குழுவுகளைப் பாத்துக்கற ஆபீசர் மேடம் அப்பவே சொன்னாங்க, எல்லாரும் கலந்து இருந்தாத்தான் நல்ல குழுன்னு. நான் உடனே சரின்னேன். பக்கத்தூர்க் குழுவுலயெல்லாம் அப்படி இல்லைங்க, நீங்க போயிப் பாத்தாத் தெரியும். எனக்கு அந்த வேத்துமையெல்லாம் கெடையாது.

மாசாமாசம் கடேசி ஞாயித்துக்கெழமை மூணு மணிக்குக் கூட்டம். பஞ்சாயத்துக் கூடத்துல ஜமுக்காளம் விரிச்சு வட்டமா உக்காருவோம். மொதல்ல உறுதிமொழி. அப்புறம் போன மாசத் தீர்மானத்தை நான் எந்திரிச்சு நின்னு படிப்பேன். அப்புறம் இந்த மாசம் என்ன பண்ணலாம்னு பேசுவோம். அந்த மூணு பேரு வாசப்படி நெலவுகிட்ட உக்காந்துக்குவாங்க. நாங்க யாரும் அங்க உக்காருன்னு சொல்லலைங்க, அவங்களா உக்காந்துக்கறது. காத்து வருமில்லீங்க அங்க.

எத்தனையோ பண்ணியிருக்கோங்க. பள்ளிக்கூடத்தைச் சுத்தி நாப்பது வேப்பங்கன்னு நட்டோம், அதுல முப்பத்தொண்ணு பொழைச்சுது. மினி பஸ்ஸு எங்கூர்ல நிக்க மாட்டேன்னுச்சு, பன்னெண்டு பேரும் ரோட்டுல உக்காந்து நிக்க வெச்சோம். கொசுப் புழு பாக்க ஊடு ஊடாப் போயித் தண்ணித் தொட்டியெல்லாம் கவுத்துனோம். குழுவுல நாலு பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, மூணே மாசத்துல நாந்தான் சொல்லிக் குடுத்தேன். அந்த நாலு பேர்ல ஒருத்திதான் ராசாமணி.

அவளைப் பத்தித்தான் சொல்ல வந்தேன்.

ராசாமணி வளவுக்காரி. முப்பத்திரண்டு முப்பத்திமூணு வயசு இருக்கும். புருசன் எங்க மச்சாண்டாரு, அதாவது எங்க ஊட்டுக்காரரோட அண்ணன், அவரோட தேங்காக் களத்துல வேலை பாக்கறான். ஒரே பொண்ணு, தனுசியான்னு பேரு. ராசாமணி மின்னெல்லாம் என்னைய 'அம்மிணீங்க'ன்னுதான் கூப்புடுவா. குழுவுல சேந்தப்புறம் நாந்தான் சொன்னேன், 'எல்லாரும் அக்கான்னே கூப்புடுங்க'ன்னு. கூட்டத்துல அக்கான்னு கூப்புடுவா. தெருவுல பாத்தா பழையபடிதான். அது அவளுக்கே தெரியும், நான் சொல்லலை.

அவ கையில ஒரு பக்குவங்க. என்னன்னு சொல்லறது. ரெண்டு வருசத்துக்கு மின்னால தாராபுரத்துல சத்துணவுத் திருவிழான்னு வெச்சாங்க. ஒவ்வொரு குழுவும் சிறுதானியத்துல ஒண்ணு சமைச்சுக் கொண்டாரோணும். ராசாமணி சாமைப் பொங்கல் வெச்சா. நெலக்கடலைச் சட்னி ஒண்ணு அரைச்சா. எங்க பன்னெண்டு பேருக்கும் அன்னிக்கு அதுதான் மத்தியானச் சோறு. நானும் ரெண்டு தட்டுச் சாப்புட்டேன். மொதல் பரிசு எங்களுக்குத்தான். கேடயத்தை மேடையில நாந்தான் வாங்குனேன், தலைவியில்லீங்களா. எங்க ஊட்டு அலமாரியிலதான் இருக்குது.

அதுக்கப்புறம்தான் இந்தப் பள்ளிக்கூடச் சமையல் வந்துச்சு. வெடியால புள்ளைகளுக்குச் சோறு ஆக்கிப் போடோணும், அதுக்குக் குழுவுலருந்து மூணு பேரு வேணும்னு ஆபீசுல கேட்டாங்க. அந்தப் பள்ளிக்கூடத்துலயே படிக்கற புள்ளைக்கு அம்மாவா இருந்தா நல்லதுன்னாங்க. தனுசியா மூணாவது. எம் பொண்ணு வர்ஷினி நாலாவது. நான் தலைவிங்கறதால போகலை. ராசாமணியையும், எங்க தெருப் பரிமளாவையும், இன்னொரு பொண்ணையும் போட்டோம். எல்லாரும் கை தட்டுனோம். ராசாமணி கூட்டத்துலயே அழுதுட்டா. ரெண்டு கையாலயும் மொகத்தை மூடிக்கிட்டா. பாத்து எனக்கே கண்ணு கலங்கிப் போச்சு.

மொதல் வாரம் நல்லாத்தான் போச்சு. வர்ஷினி வந்து சொன்னா, 'அம்மா, ராசாமணி அத்தை வெச்ச கிச்சடி உன்னுதைவிட நல்லாருக்குது'ன்னு. அவளா அத்தைன்னு கூப்புட்டுக்கிட்டா, நான் ஒண்ணும் சொல்லலை. ரெண்டாவது வாரம் எங்க தெருப் புள்ளைக ஊட்டுலயே சாப்புட்டுட்டுப் போக ஆரம்பிச்சுதுக. மூணாவது வாரம் பாத்தா, ராசாமணி ஆக்கறது பாதி அப்படியே மிஞ்சுது. யாரு மொதல்ல நிறுத்துனாங்கன்னு ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க.

உங்ககிட்டச் சொல்லறதுக்கு என்ன. மொதல்ல நிறுத்துனது நாந்தாங்க. வர்ஷினிக்கு வவுத்துக்குச் சேரலைன்னு ரெண்டு இட்லி ஊட்டி அனுப்புனேன். நெசமாவே ஒரு நா அவளுக்கு வவுறு வலிச்சுது. எங்க மாமியாவும் மொணமொணன்னுக்கிட்டே இருந்தாங்க. தலைவி ஊட்டுப் புள்ளையே அங்க சாப்புடலைன்னதும் மத்தவங்களும் உட்டுட்டாங்க. நான் யாரையும் நிறுத்தச் சொல்லலைங்க. எம் புள்ளைய மட்டுந்தான் நான் பாத்தேன்.

அப்புறம் ஒரு நா எங்க மச்சாண்டாரு வந்தாரு. அவரு சொன்னா ஊர்ல நாலு பேரு கேப்பாங்க. கூட ரெண்டு பேரு. நாக்காலி போட்டு உக்காந்துக்கிட்டு சொன்னாரு, 'லோகா, நாங்க போயிப் பள்ளிக்கூடத்துல கேட்டா கேஸாயிரும். சட்டம் இப்ப அவிங்க பக்கம். அவளே வேண்டான்னு எழுதிக் குடுத்துட்டா யாருக்கும் கெட்ட பேரில்லை. உங்க குழுவுலயே முடிச்சுருங்க. நீ சொன்னா கேப்பா.'

எங்க ஊட்டுக்காரரு தூணைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. நான் சொன்னேங்க, 'மாமா, அவ பாவம்'னு சொன்னேன். சொல்லாம இல்லை. 'பாவந்தான், நாங்க என்ன அடிச்சா தொரத்தப் போறோம்'னாரு. அதுக்கு மேல நான் என்னத்தைப் பேசறது, சொல்லுங்க. ஆனா மச்சாண்டாரு சொன்னதுல எனக்கு ஒண்ணு புடிச்சிருந்துச்சு. நீ சொன்னா கேப்பான்னாரு பாருங்க, அது. அதை இப்பத்தான் நெனைச்சுப் பாக்கறேன்.

மக்யா நாளு விடிஞ்சதும் ராசாமணி ஊட்டுக்குப் போனேன். ஒம்பது வருசத்துல அன்னிக்குத்தான் மொதத் தடவ. சாணி போட்டு வழிச்சு, வாசல் சுத்தமா இருந்துச்சு. அவ பதறிப் போயிட்டா. உள்ள ஓடிப் போயி ஒரு பிளாஸ்டிக் நாக்காலியத் தொடைச்சுத் தொடைச்சுப் போட்டா. 'அக்கா, கலர் வாங்கியாறச் சொல்லட்டுங்களா, கடையிலருந்து, மூடி தொறக்காம'ன்னு கேட்டா. மூடி தொறக்காமன்னு அவளா சொன்னா பாருங்க. வேண்டாம்னுட்டேன்.

நான் நல்லதனமாத்தான் பேசுனேன். ஊர்ல பேச்சு சரியில்லை, பொல்லாப்பு எதுக்கு, உனக்கு வேற நல்ல வேலை நானே பாத்துத் தாறேன்னேன். அவ கேட்டா, 'அக்கா, நான் சமைக்கறது நல்லா இல்லீங்களா?'

'நல்லாத்தான் இருக்குது.'

'அப்புறம் எதுக்குங்க?'

'உனக்குத் தெரியாததா, ராசாமணி.'

'குழுவுல நீங்கெல்லாம் இருக்கறீங்கன்னுதானுங்க்கா நான் தைரியமாப் போனேன்'னா. எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆனா வந்த காரியம் முடியோணுமில்லீங்க. 'நீ முரண்டு புடிச்சா உம் புருசனுக்குக் களத்துல வேலை இருக்கறது செரமம். நான் சொல்லலை, மச்சாண்டாரு கொணம் உனக்கே தெரியும்'னேன். நான் மெரட்டலைங்க. நடக்கப் போறதைச் சொன்னேன். தெரியாம மாட்டிக்கக் கூடாதுன்னு.

சரிங்கன்னுட்டா.

அந்த வாரமே புதங்கெழமை பொழுதோட அவசரக் கூட்டம் போட்டோம். வளவுலருந்து மத்த ரெண்டு பேரும் கூலிக்குப் போயிருந்த நேரம். வேணும்னு அப்படி வெக்கலை, எனக்கு அன்னிக்குத்தான் தோதுப்பட்டுச்சு. ராசாமணி வந்து எப்பவும்போல நெலவுகிட்ட உக்காந்தா.

நோட்டைத் தொறந்து வெச்சுக்கிட்டேன். 'ராசாமணி அவர்கள் சமையல் பணியிலிருந்து'ன்னு எழுதிட்டு, காரணம் என்னன்னு எழுதறதுன்னு தெரியலை. பரிமளாதான் மெதுவா, 'ஒடம்பு சரியில்லைன்னு எழுதுங்க்கா'ன்னா. வெறுமனே ஒடம்பு சரியில்லைன்னா ஆபீசுல நம்ப மாட்டாங்களே. நாளைக்குச் சரியாயிரும், மறுக்கா வரட்டும்னு சொன்னா? எனக்கு எழுதறதுன்னா ஒரு நேத்தி வேணுங்க, அரைகுறையா எழுதிப் பழக்கமில்லை. அப்ப மனசுல வந்ததை எழுதுனேன். 'நெஞ்சுச் சளியும் தொடர் இருமலும் நீண்ட நாட்களாக இருந்து வருவதால், குழந்தைகளின் நலன் கருதி, தானாக முன்வந்து விலகிக்கொள்கிறார் என ஏகமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது.'

இப்பவும் ஒரு எழுத்து மாறாமச் சொல்லுவேன்.

எங்க குழுவுல ஒரு வழக்கம். எந்தத் தீர்மானமா இருந்தாலும் நான் சத்தமாப் படிச்சுக் காட்டுனப்புறம்தான் கையெழுத்து. ஒம்பது வருசத்துல ஒருக்காக்கூட மாத்துனதில்லை. அன்னிக்குப் படிக்கலை. ராசாமணி பேனாவைக் கையில வெச்சுக்கிட்டு, 'என்னக்கா எழுதியிருக்குது?'ன்னு கேட்டா. அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், கோத்தெழுத்தா எழுதுனதை ஓட்டமாப் படிக்க வராது.

நான் சொன்னேன், 'நீயா வேண்டாம்னு சொல்லறேன்னு எழுதியிருக்குது. வேறொண்ணுமில்லை.'

போட்டுட்டா. ரா-சா-ம-ணி. 'ணி'யில அந்தச் சுழி போடறதுக்கு நாக்கைக் கடிச்சுக்கிட்டு, நான் சொல்லிக் குடுத்த மாதிரியே.

டிக்கெட்டா? எடுத்தாச்சுப்பா, ரெண்டு பேரும் எடுத்தாச்சு.

நகலு பள்ளிக்கூடத்துக்கு ஒண்ணு போச்சு, ஆபீசுக்கு ஒண்ணு போச்சு. நான் அதோட முடிஞ்சுதுன்னு நெனைச்சேன். நாலே நாள்ல ஊர் பூராம் பேச்சு, ராசாமணிக்கு டி.பி.யாம். புள்ளைகளுக்கு அவ கையில சோறு ஆக்கிப் போட்டாளாமேன்னு. சாப்புடாத ஊட்டுக்காரங்கதான் எச்சாப் பேசுனாங்க. நர்சம்மா ஸ்கூட்டியில வளவுக்கே போயிட்டாங்க, காயிதம் வந்திருக்குது, சளி எடுத்துப் பாக்கோணும்னு. வாசல்ல வெச்சு டப்பாவைக் குடுத்துத் துப்பச் சொன்னாங்களாம். வளவே நின்னு பாத்திருக்குது.

சோதனையில ஒண்ணுமில்லைன்னுதாங்க வந்துச்சு. ஆனா ஒண்ணுமில்லைங்கறதை யாரு போயி ஊடு ஊடாச் சொல்லறது? ராசாமணி சமையலை உட்டுட்டு பனியன் கம்பெனி வேனுக்குப் போக ஆரம்பிச்சிருந்தா. வேன்ல பக்கத்துல உக்கார மாட்டேன்னுட்டாங்க. அவ ஆளுங்களேதான். எங்க தெருவுல யாரும் அந்த வேனுக்குப் போறதில்லை. கம்பெனியில கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கன்னாங்க. அவ மாமியா வந்து தனுசியாவைத் தூக்கிட்டுப் போயிட்டா, தாய்கூடப் படுக்கக் கூடாதுன்னு. பள்ளிக்கூடத்துல அந்தப் புள்ளைக்குத் தட்டு தனியா வெச்சாங்க.

ஒரு நா வெடியால ராசாமணி எங்க வாசல்ல வந்து நின்னா. அக்கான்னும் கூப்புடலை, அம்மிணீங்கன்னும் கூப்புடலை.

'அந்த நோட்டுல என்ன எழுதுனீங்க?'

ஊட்டுக்காரரு உள்ள சாப்புட்டுக்கிட்டு இருந்தாரு. மாமியா திரும்பிப் பாத்தாங்க.

'நான் ஒண்ணும் எழுதலையே ராசாமணி. ஆபீசுல யாராச்சும் தப்பா எழுதியிருப்பாங்க. நான் கேட்டுச் சொல்றேன்'னேன்.

அவ என்னையே பாத்தா. கத்துவாளோன்னு நெனைச்சேன். திரும்பி நடந்து போயிட்டா. அவ கத்தியிருந்தாக்கூட எனக்கு இத்தனை இருக்காதுங்க.

அந்த மாசக் கூட்டத்துக்கு ஆபீசர் மேடம் வந்தாங்க. ராசாமணி தானாத்தான் விலகுனாங்களா, யாராச்சும் வற்புறுத்துனாங்களான்னு கேட்டாங்க. நான் எந்திரிச்சு, 'தானாத்தாங்க மேடம், கையெழுத்து இருக்குது பாருங்க'ன்னு நோட்டைக் காட்டுனேன். எல்லாரும் தலையை ஆட்டுனாங்க. வளவுக்காரங்க ரெண்டு பேரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. அடுத்த மாசத்துலருந்து அவங்க வரலை. ராசாமணி அதுக்குள்ள புள்ளைய மாமியாகிட்டருந்து கூட்டிக்கிட்டு ஊரை உட்டே போயிட்டா. புருசனும் களத்து வேலையை உட்டுட்டுப் பின்னாலயே போயிட்டான்.

சமையலுக்கு ஒருத்தரு கொறையுதில்லீங்களா. ஆபீசுல அவசரப்படுத்துனாங்க. யாரும் வரலைன்னதும் நாந்தான் போறேன். ஆமாங்க, நானேதான். வர்ஷினியும் இப்ப அங்கதான் சாப்புடறா. சாப்புடறான்னு பேரு, கொத்திட்டு எந்திரிச்சுருவா. ஒரு நா பாத்திரம் கழுவிக்கிட்டு இருக்கறப்ப வந்து கேட்டா, 'ராசாமணி அத்தைக்கு இருமலே கெடையாதும்மா. நாங்கெல்லாம் பக்கத்துலயே உக்காந்திருப்போமே. அப்புறம் எப்படி இருமல்னு சொன்னாங்க?' நான் அவளை அறைஞ்சுட்டேன். ஒம்பது வயசுப் புள்ளை. எதுக்கு அடிச்சேன்னு அது இன்னிக்கு வரைக்கும் கேக்கலை.

நாலு மாசத்துக்கு மின்னால பல்லடம் போயிருந்தேன், ஒரு விசேசத்துக்கு. ஒரு மில்லு வாசல்ல கூட்டமா நிக்கறாங்க. தள்ளுவண்டி. பாத்தா ராசாமணி. அவ புருசன் தட்டுக் கழுவறான், இவ தோசை ஊத்திக் குடுக்கறா. மில்லுப் புள்ளைக வரிசையில நிக்குதுக, அக்கா எனக்கு, அக்கா எனக்குன்னு. திரும்பிப் போயிரலாம்னுதான் நெனைச்சேன். அதுக்குள்ள அவ பாத்துட்டா.

கூட்டம் கொறையற வரைக்கும் நின்னேன். மனசுல இருந்ததைச் சொன்னேன். 'தப்புப் பண்ணிட்டேன் ராசாமணி. அந்த ஒரு வார்த்தையை நான் எழுதியிருக்கக் கூடாது. இருமல்னு எழுதாம வேற எதாச்சும் எழுதியிருக்கலாம்'னேன்.

அவ கரண்டியைக் கீழ வெச்சா. 'இருமல்னு எழுதுனதுதானுங்களா தப்பு?'ன்னா.

எனக்கு அப்ப வெளங்கலைங்க. வேற என்னன்னு கேக்கப் போனேன், அவளே பேசுனா. 'நர்சம்மா அந்தக் காயிதத்தை எனக்குப் படிச்சுக் காட்டிட்டாங்க. நீங்க எழுதுனதுன்னு எனக்கு எழுத்தப் பாத்தாத் தெரியாதுங்களா? அந்த எழுத்தைப் பாத்துத்தானே நான் எம்பேரு எழுதக் கத்துக்கிட்டேன்.' அதைச் சொல்லறப்பக்கூட அவ கோவமாச் சொல்லலை.

'என்ன பண்ணோணும் சொல்லு, பண்றேன்'னேன். காலுல உழுகறதுன்னாலும் உழுகறேன்னு சொல்லியிருப்பேன். ரோட்டுல அத்தனை பேரு இருந்தாங்க, சொல்லலை.

'ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. மாசக் கூட்டத்துல எல்லாரும் இருக்கறப்ப அந்தப் பக்கத்தைத் தொறந்து சத்தமாப் படிங்க. அன்னிக்குப் படிக்காம உட்டீங்களே, அதைப் படிங்க. படிச்சுட்டு, இது பொய், நாந்தான் எழுதுனேன், எதுக்காக எழுதுனேன்னு சொல்லுங்க. பரிமளா அக்கா கேக்கட்டும். வளவுலருந்து அவங்க ரெண்டு பேரையும் கூப்புட்டு உக்கார வெச்சுச் சொல்லுங்க. எம் புள்ளை நாளைக்கு அந்த ஊருக்கு வருவா. அவ அம்மா சீக்காளின்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது.'

சரின்னேன். சத்தியம் பண்ணுனேன்.

அந்த மாசம் நல்ல மழை, அஞ்சு பேருதான் வந்தாங்க. அஞ்சு பேருகிட்டச் சொல்லி என்ன பண்ணறதுன்னு உட்டுட்டேன். அடுத்த மாசம் வெளியூர்க் குழு எங்களைப் பாக்க வந்திருந்தாங்க, அவங்க மின்னால எப்படிச் சொல்லறது? போன மாசம் நோட்டைத் தொறந்துட்டேங்க. நெசமாவே தொறந்து எந்திரிச்சு நின்னு, 'தீர்மானம்'னு ஆரம்பிச்சேன். மச்சாண்டாரு சம்சாரமும் குழுவுலதான், எதுக்கால உக்காந்திருந்தாங்க. 'பழசை எதுக்குக் கெளப்பறே லோகா, இந்த மாசத்துதைப் படி'ன்னாங்க. நான் பக்கத்தைத் திருப்பிட்டேன். கோலப் போட்டியைப் பத்திப் பேசுனோம்.

இன்னிக்குத்தாங்க கடேசி ஞாயிறு. மணி ரெண்டரை ஆகப் போகுது. மூணு மணிக்குக் கூடிருவாங்க. வளவுக்கும் சொல்லியனுப்பிட்டேன், அந்த ரெண்டு பேரையும் கட்டாயம் வரச் சொல்லி. இந்தத் தடவ சொல்லியே தீரோணும்னு மனசுல கட்டிக்கிட்டேன். வெடியாலயே தலைக்குத் தண்ணி வாத்துக்கிட்டேன், மத்தியானம் சீலை கட்டிக்கிட்டு நோட்டை எடுத்தேன். எடுத்துக்கிட்டு கூடத்துக்குப் போறவ நேரா பஸ் ஸ்டாப்புக்கு வந்துட்டேன். தாராபுரத்துல எனக்கு ஒரு வேலையுமில்லைங்க. அங்க எறங்கி, அடுத்த பஸ்ஸுல திரும்பி வந்துருவேன், கூட்டம் கலைஞ்சப்புறம்.

என்ன கேட்டீங்க? ஏன் அவங்ககிட்டச் சொல்லாம உங்ககிட்டச் சொல்லறேன்னா? நீங்க என்னைய ஒண்ணும் பண்ணப் போறதில்லையே. அங்க சொன்னா நாளைக்கு நான் தெருவுல நடக்க வேண்டாமா? மச்சாண்டாரு மொகத்துல முழிக்க வேண்டாமா? ஆனா பாருங்க, உங்ககிட்ட வாய்விட்டுச் சொன்னதும் மனசு கொஞ்சம் லேசாயிருச்சு. நல்ல பொண்ணுங்க நீங்க. நடுவுல பேசாம, மொகம் சுளிக்காமக் கேட்டீங்க. நம்ம ஊட்டுப் பொண்ணுகளுக்குத்தான் அந்தப் பொறுமை வரும். நீங்க எந்தூருங்க? நம்மாளுகள்ல எந்தக் கூட்டம், குலதெய்வம் எது? கேட்டா ஒருவேளை நமக்கு ஒறம்பரையாக்கூட இருப்பீங்க.

ஓ.

அப்படிங்களா. நீங்க வளவுப் பக்கமுங்களா.

இல்லீங்க, அதுல ஒண்ணுமில்லைங்க. நான் சும்மாத்தான் கேட்டேன். உங்களைப் பாத்தா அப்படித் தெரியலைன்னு...

எந்திரிக்காதீங்க கண்ணு. உக்காருங்க. உங்க எடம் அது. நீங்க எங்க பாக்கறீங்கன்னு தெரியுது. இந்தப் பையை நான் வேணும்னு எடுத்து நடுவுல வெக்கலைங்க. சத்தியமா எனக்கே தெரியலை. நீங்க சொன்னீங்க, எங் கை தானா எடுத்து வெச்சிருச்சு.

எடுத்தர்றேன். பாருங்க, எடுத்துட்டேன்.

இவ்வளவு நேரம் உங்ககிட்ட அழுதுட்டு, இப்ப இந்தக் கை பண்ணுனதையும் நீங்க பாத்துட்டீங்க. இருமல்னு எழுதுனதுதானுங்களா தப்புன்னு அவ கேட்டாளே, அவ என்னத்தைக் கேட்டான்னு இப்பத்தாங்க எனக்கு வெளங்குது.

கண்டக்டரு தம்பி, எதுக்கால போற பஸ்ஸு இங்க எத்தனை மணிக்கு? ரெண்டே முக்காலுக்கா? அதுல போனா எங்கூருக்கு மூணேகால் ஆயிருமில்ல? ஆனா ஆவட்டும், ஆரம்பிச்சிருப்பாங்க, கலைஞ்சிருக்க மாட்டாங்க. இங்கயே நிறுத்துப்பா, நான் எறங்கோணும்.

வாறேன் கண்ணு. என்னைய மன்னிச்சுக்கங்கன்னு உங்ககிட்டக் கேக்கலை. அதைக் கேக்கற எடம் இது இல்லை. ஆனா நான் அங்க போயி வாயத் தொறப்பேனா மாட்டேனான்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க. எறங்கறேன். அது வரைக்குந்தான் எனக்குத் தெரியும்.